பொய் சொல்லும் அறை

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் விசித்திரமான ஓர் அறையைச் செய்து வைத்திருந்தார்கள். சுவர்கள் உண்டு, கூரை உண்டு, தரை மட்டும் கிடையாது. மேலிருந்து தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். உள்ளே நிற்பவரின் கால்கள் கட்டடத்தின் அசையாத தரையில் இருக்கும். அவரைச் சுற்றியுள்ள உலகம் மட்டும் நகரும்.

டேவிட் லீ என்ற உளவியலாளர் எரிக் அரோன்சனுடன் சேர்ந்து இந்த அறைக்குள் நிறுத்தியது, ஒரு வயது கடந்து அப்போதுதான் நிற்கப் பழகியிருந்த குழந்தைகளை. சுவர் மெல்லக் குழந்தையை நோக்கி வரும். யாரும் தள்ளவில்லை, தரை ஆடவில்லை. குழந்தை பின்னால் சாயும். பல முறை பொத்தென்று உட்கார்ந்தே விடும். கண்ணுக்கு எதிரே சுவர் பெரிதாகிக்கொண்டு வருகிறது என்றால், வழக்கமான உலகில் அதற்கு ஒரே பொருள்தான்: நான் முன்பக்கம் விழுந்துகொண்டிருக்கிறேன். உடனே உடல் பின்பக்கம் இழுத்துச் சரிசெய்கிறது. நடக்காத ஒரு விழுதலிலிருந்து தப்பிக்கப் போய்க் குழந்தை உண்மையாகவே விழுகிறது. இந்த ஆய்வு 1974இல் வெளிவந்தது.

மறு ஆண்டு லீயும் லிஷ்மன் என்ற ஆய்வாளரும் பெரியவர்களைக் கூட்டி வந்தார்கள். பெரியவர்கள் விழவில்லை. ஆனால் சுவர் மிகச் சிறிதளவு முன்னும் பின்னும் ஆடினால் அதே தாளத்தில் அவர்களுடைய உடலும் ஆடியது; அப்படி ஆடுவது அவர்களுக்கே தெரியவில்லை. குறுகலான கட்டையின் மேல் நிற்கச் சொன்னபோது தடுமாற்றம் பெரிதாகிவிட்டது.

கணினி கிடையாது, திரை கிடையாது, தலையில் மாட்டும் கருவி கிடையாது. ஆனாலும் இன்று மெய்நிகர் உலகம் என்று சொல்லி விற்கப்படுவதன் சாரம் முழுவதும் அந்தத் தொங்கும் பெட்டிக்குள் இருந்தது. பொய்யான ஒரு காட்சியைக் காட்டி ஒருவரைத் தடுமாற வைக்கலாம். அப்படியானால் அதே பொய்யைக் கொண்டு, தடுமாறாமல் நிற்க அவரைப் பழக்கவும் முடியுமா? அதுவும் நோய்நொடி எதுவும் இல்லாத, நன்றாக நடமாடுகிற ஒருவரை?

முடியும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் விளம்பரங்கள் சொல்கிற வழியில் அல்ல. திரை எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதோ அவ்வளவு பயன் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறானது: உண்மையை நகலெடுக்கும்போது மெய்நிகர்ப் பயிற்சி சுமாரானது; உண்மை தராத ஒன்றைத் தரும்போதுதான் அது தன் விலைக்கு வேலை செய்கிறது. ஏன் என்று பார்க்க, முதலில் சும்மா நிற்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

*

சும்மா நிற்பது என்று ஒன்று கிடையாது. உள்ளங்கையில் விளக்குமாற்றை நட்டு நிறுத்தி விளையாடியவர்களுக்குத் தெரியும், கை ஒரு கணமும் ஓயாது. நிற்கும் மனித உடலும் அதே வகை அமைப்புதான். கனத்தின் மையம் இடுப்புக்குள் உயரத்தில் இருக்கிறது; தாங்கும் இடமோ இரண்டு பாதங்களின் பரப்பு மட்டுமே. மையத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால் அது கணுக்காலுக்குச் சற்று முன்னால் போய் விழும். அதாவது நாம் எந்நேரமும் முன்பக்கம் விழுந்துகொண்டே இருக்கிறோம். கெண்டைக்கால் தசை பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பிடித்திழுத்தல் ஓர் அனிச்சை வினை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உடல் முன்னால் சாயும், தசை நீளும், நீண்டதை உணர்ந்து தண்டுவடம் தசையைச் சுருக்கும், உடல் திரும்பும். படித்தால் எளிமையாகத்தான் இருக்கிறது. 2004இல் இயன் லோரம், கான்ஸ்டான்டினோஸ் மகனாரிஸ், மார்ட்டின் லேக்கி ஆகியோர் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கெண்டைக்காலில் வைத்துப் பார்த்தார்கள். உடல் முன்னால் சாயும்போது கெண்டைத் தசை நீளவில்லை, பெரும்பாலும் குறுகியது! தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் இழுபடக்கூடிய வில் போன்றது. நீளுவதெல்லாம் அந்த நாண்தான். தசை வினாடிக்கு இரண்டு மூன்று முறை சிறு சிறு தள்ளல்களாக அந்த வில்லை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறது. நீண்டபின் சுருங்குவது என்ற கதை இங்கே பொருந்தாது. உடல் எங்கே போகப் போகிறது என்பதை நரம்பு மண்டலம் முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பத் தள்ளுகிறது.

கணிப்புக்குத் தகவல் வேண்டும். அது மூன்று வழிகளில் வருகிறது: பாதத்தின் தோலும் மூட்டுகளும் தசைகளும் சொல்வது ஒன்று, உட்செவியின் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய சுண்ணாம்புத் துகள் பைகளும் சொல்வது இன்னொன்று, கண் சொல்வது மூன்றாவது. நல்ல வெளிச்சத்தில், கெட்டியான தரையில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவர் பாதத்தின் பேச்சை 70 சதவீதம், உட்செவியை 20 சதவீதம், கண்ணை 10 சதவீதம் நம்புகிறார் என்பது இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் தோராயக் கணக்கு. ஒரேகானின் ராபர்ட் பீட்டர்கா 2002இல் செய்த அளவீடுகளை ஒட்டியது அது. இந்த விகிதம் நிலையானதல்ல என்பதுதான் முக்கியம். மணலில் நில்லுங்கள், பாதத்தின் மதிப்பு உடனே இறங்கிவிடும். இருட்டில் நில்லுங்கள், கண்ணுக்கு வேலை இல்லை. லீயின் அறையில் குறுகிய கட்டை மேல் நின்றவர்கள் அதிகம் தடுமாறியதற்கும் இதுவே காரணம்: பாதத்தின் தகவல் போதாமல் போனதால் அவர்கள் கண்ணைக் கூடுதலாக நம்பினார்கள், கண்ணோ பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

நம்பிக்கையை இப்படி மாற்றிக்கொள்ள முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் எழுதி வைத்தார். மேகநோய் முற்றித் தண்டுவடத்தின் பின்பகுதி சிதைந்தவர்களுக்குக் கால்களிலிருந்து தகவல் வராது. கண்ணைத் திறந்திருக்கும்வரை நிற்பார்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆடி விழுவார்கள். காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லும் சோதனை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

*

சமநிலைப் பயிற்சி இதில் எதை மாற்றுகிறது? ஆடும் பலகை, பஞ்சு மெத்தை, ஒற்றைக்கால் நிற்றல் என்று சில வாரம் பழகியவர்களிடம் தண்டுவடத்தின் அனிச்சைகள் வலுப்பதில்லை, தணிகின்றன என்று வொல்ஃப்காங் டௌபே, மார்கஸ் க்ரூபர், ஆல்பர்ட் கோல்ஹோஃபர் ஆகியோர் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். முதலில் கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் ஆடும் பலகையில் ஒவ்வோர் அசைவுக்கும் அனிச்சை வெடுக்கென்று உதைத்தால் பலகை இன்னும் மோசமாகத்தான் ஆடும். அவசரக்காரரை அமைதிப்படுத்திவிட்டு, மேலே இருக்கிற மூளை பொறுப்பேற்கிறது. அந்த மூளையும் அப்படியே இருப்பதில்லை. லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மார்கோ டௌபெர்ட் குழு, இருபக்கமும் சாயும் மேடையில் வாரம் ஒரு முறை 45 நிமிடம் என்று ஆறு வாரம் ஆட்களைப் பழக்கியது. இரண்டே அமர்வுகளுக்குப் பின் எடுத்த ஸ்கேன்களில் மூளையின் முன்பகுதியிலும் உச்சிப்பகுதியிலும் சாம்பல்நிறப் பொருளில் மாற்றம் தெரிந்தது. 2010இல் வெளிவந்த இந்த ஆய்வு, பெரியவர்களின் மூளை இவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்குமா என்று பலரைப் புருவம் உயர்த்த வைத்தது.

இதுவரை நல்ல செய்தி. இனி வருவது உடற்பயிற்சிக் கூடங்கள் பெரிதாகச் சொல்ல விரும்பாத செய்தி.

ஆடும் பலகையில் பழகியவர் ஆடும் பலகையில் தேறுகிறார். அவ்வளவுதான். கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் லூயி-சொலால் ஜிபுவான், க்ரூபர், ஆந்த்ரேயாஸ் கிராமர் ஆகியோர் 2015இல் இளைஞர்களை ஒரு வகைச் சமநிலைக் கருவியில் பழக்கிவிட்டு, அதே கருவியை வேறு திசையில் ஆடவிட்டும், வேறு கருவியிலும் சோதித்தார்கள். பழகிய பணியில் முன்னேற்றம், பழகாத பணியில் ஏதும் இல்லை. அடுத்த ஆண்டு அதே வட்டத்தினர், ஆரோக்கியமானவர்களிடம் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோதும் அதே முடிவு வந்தது. தொய்வான நாடாவைக் கட்டி அதன் மேல் நடக்கும் ஸ்லாக்லைன் பயிற்சியும் விலக்கல்ல. நாடாவில் நடக்கப் பழகியவர்கள் நாடாவில் நன்றாக நடந்தார்கள்.

நம்மூர்க் கழைக்கூத்தாடியைப் பார்த்து, இவருக்கு எங்கே நிறுத்தினாலும் கால் தவறாது என்று நினைப்போம். அவருடைய மூளை கற்றிருப்பது கயிற்றை; குறிப்பிட்ட நீளக் கயிறு, கையில் குறிப்பிட்ட கழி, குறிப்பிட்ட தொய்வு. சமநிலை என்று பெயர் ஒன்றாக இருப்பதால் அது ஒரே திறமை என்று எண்ணிவிடுகிறோம். எண்ணற்ற சின்னச் சின்னத் திறமைகளின் மூட்டை அது.

பத்து வினாடி ஒற்றைக்காலில் நிற்க முடிகிறதா என்ற சோதனை சில ஆண்டுகளுக்கு முன் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கலாம். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. நிற்க முடியாதவர்கள் அடுத்த ஆண்டுகளில் இறப்பதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உடனே பலரும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கத் தொடங்கினார்கள். நிற்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் ஒற்றைக்காலில் நின்று பழகினால் ஒற்றைக்காலில் நிற்க வரும்; அந்தச் சோதனை எதைச் சுட்டிக்காட்டியதோ அந்த உடல்நலம் கூடவே வந்துவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

*

வீட்டுக்குள் மெய்நிகர் சமநிலைப் பயிற்சியைக் கொண்டுவந்தது விஞ்ஞானிகள் அல்ல, ஒரு விளையாட்டு நிறுவனம். 2007 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ 'வீ ஃபிட்' விளையாட்டை வெளியிட்டது. கூடவே வந்தது காலடியில் வைக்கும் ஒரு வெள்ளைப் பலகை. நான்கு மூலையிலும் எடை உணரும் உணரிகள்; நான்கையும் ஒப்பிட்டு உங்கள் கனம் பாதத்தின் எந்தப் புள்ளியில் இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பும். உடலைச் சாய்த்தால் திரையில் பனிச்சறுக்கு வீரர் வளைந்து போவார், பந்தைத் தலையால் முட்டுவார், தட்டைச் சாய்த்துக் குண்டுகளைக் குழியில் விழவைப்பார். கயிற்றின் மேல் நடக்கும் விளையாட்டும் இருந்தது. கெட்டியான பலகையில் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக் கயிற்றில் நடக்கலாம்!

இந்தப் பலகைக்கு ஆய்வகங்களில் கிடைத்த மரியாதை அதைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆடலை அளக்கும் ஆய்வக விசைத்தட்டின் விலை பல லட்சம். 2010இல் ஆஸ்திரேலியாவின் ராஸ் கிளார்க் குழு இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்து, நிற்கும் சமநிலையை அளக்க இந்தப் பொம்மைப் பலகையே நம்பத்தக்கது என்று காட்டியது. அதன்பின் உலகெங்கும் பிசியோதெரபி கூடங்களில் அது நுழைந்தது. அளக்கும் கருவியாக அது சாதித்தது பெரிது.

பயிற்சிக் கருவியாகவோ, கதை வேறு. ஜெர்மனியில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டோபியாஸ் நௌமன் குழு ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை அசையாத வீ பலகையிலும் மறு பிரிவை ஆடும் வட்டத்தட்டிலும் திரை விளையாட்டுகள் ஆடவைத்தது. இரு பிரிவும் தத்தம் விளையாட்டில் தேறின. ஒன்றில் பெற்றது மற்றொன்றுக்குப் போகவில்லை. யோசித்தால் வேறெப்படியும் இருந்திருக்க முடியாது. அசையாத பலகையில் நின்று எடையை இடவலமாக மாற்றக் கற்ற மூளைக்கு, காலுக்கடியில் தட்டு நழுவும்போது என்ன செய்வது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? திரையில் பனிமலை இருந்தது உண்மைதான். காலடியில் இருந்தது தட்டையான பிளாஸ்டிக். உடல் கற்றது பிளாஸ்டிக்கை.

வீட்டில் சோபாவில் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. விளையாட்டு என்பதால் சலிக்காமல் ஆடுவார்கள். அதுவே பெரிய லாபம். ஆனால் சமநிலை கூடியது என்று பெட்டியின் மேல் அச்சிடுவதற்கு அது போதாது.

*

திரையும் வேண்டாம், பலகையும் வேண்டாம், அசையவே வேண்டாம் என்றால்? மெய்நிகர்ப் பயிற்சியின் கடைசி எல்லை அதுதான்: கற்பனையில் பயில்வது. இதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குபவர்கள் 1992ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைப் படிக்க வேண்டும். குவாங் யூவும் கெல்லி கோலும் சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விரிக்கும் தசையை எடுத்துக்கொண்டார்கள். நான்கு வாரம் உண்மையாகவே தசையைப் பயிற்றியவர்களின் பலம் 30 சதவீதம் கூடியது. தசையை அசைக்காமல், அசைப்பதாகத் தீவிரமாக எண்ணிக்கொண்டவர்களின் பலம் 22 சதவீதம் கூடியது. எதுவும் செய்யாதவர்களிடம் சுமார் 4 சதவீத மாற்றம்தான். தசை பருத்ததால் வந்த பலமல்ல இது; தசைக்குக் கட்டளை அனுப்பும் முறை மெருகேறியதால் வந்தது.

கற்பனை வெறும் படம் அல்ல என்பதற்கு வேறு தடயங்களும் உண்டு. குறிப்பிட்ட தூரம் நடப்பதாக எண்ணிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிரான்சில் ஜான் டெசெட்டியும் மார்க் ஜான்னரோவும் 1989இல் அளந்தார்கள். உண்மையில் நடக்க ஆகும் நேரமே கற்பனைக்கும் ஆனது. முதுகில் சுமை ஏற்றிவிட்டால் கற்பனை நடை தாமதித்தது. மூளைக்குள் ஓடுவது உடலின் விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஒத்திகை.

நிற்பதில் இதைப் பார்த்தவர்கள் பிரேசில் ஆய்வாளர்கள். நின்றபடியே, குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் எழும்புவதாக எண்ணச் சொன்னார்கள், எழும்பக் கூடாது. எண்ணுவதில் இரண்டு வகை. தன்னைத் தானே வெளியிலிருந்து படம்போலப் பார்ப்பது ஒன்று. கெண்டைக்கால் இறுகுவதையும் எடை விரல்களுக்கு மாறுவதையும் உள்ளுக்குள் உணர்ந்து எண்ணுவது இன்னொன்று. உணர்ந்து எண்ணியபோது உடலின் ஆட்டம் கூடியது. பார்த்து எண்ணியபோது அந்த அளவுக்கு இல்லை. முழுமையாக அடக்கிவைக்க முடியாத கட்டளை கொஞ்சம் கசிந்து கால்வரை வந்துவிடுகிறது.

இதையெல்லாம் சேர்த்து ஒரு பயிற்சியாக்கியவர் ஏற்கெனவே நாம் சந்தித்த வொல்ஃப்காங் டௌபே. இப்போது அவர் சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூர் நகரில். 2014இல் அவர் குழு 36 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவு சமநிலைப் பயிற்சிகளைக் கற்பனை மட்டும் செய்தது. இன்னொரு பிரிவு, பிறர் அவற்றைச் செய்யும் வீடியோவைப் பார்த்தபடி, அந்த வீடியோவில் இருப்பவர் தானே என்று எண்ணிக்கொண்டது. மூன்றாவது பிரிவு எதுவும் செய்யவில்லை. நான்கு வாரம் ஒருவரும் பலகையில் ஏறவில்லை. பிறகு எல்லோரையும் தன்னிச்சையாக ஆடும் மேடையில் ஏற்றினார்கள். சில சமயம் எதிர்பாராமல் அதைத் தட்டியும் விட்டார்கள். கற்பனை செய்த இரண்டு பிரிவினரின் ஆட்டமும் குறைந்திருந்தது, தட்டிவிட்டபோதும் கூட. ஆனால் உண்மைப் பயிற்சியில் தணியும் தண்டுவட அனிச்சை இவர்களிடம் மாறவே இல்லை. மூளை கற்றுக்கொண்டது, தண்டுவடத்துக்குச் செய்தி போகவில்லை.

அடுத்த ஆண்டு அதே குழு ஆட்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்தது. ஆடும் மேடையில் ஒருவர் தடுமாறி நிற்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே தானும் நிற்பதாக எண்ணியவர்களின் சிறுமூளையும் இயக்கத்தைத் திட்டமிடும் புறணிப் பகுதிகளும் நன்றாகக் கிளர்ந்தன. சும்மா பார்த்தவர்களிடம் அந்தக் கிளர்ச்சி இல்லை. அசையாமல் நிற்பவரின் வீடியோவைவிடத் தடுமாறுபவரின் வீடியோவுக்கே மூளை கூடுதலாக எழுந்து உட்கார்ந்தது. விழும் ஆபத்து இல்லாத இடத்தில் மூளைக்கு ஒத்திகை பார்க்க எதுவும் இல்லை போலும்.

கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருப்பவருக்கு இது நல்ல சேதி. ஆறு வாரம் கால் ஓய்வெடுக்கலாம், மூளை ஓய்வெடுக்க வேண்டியதில்லை. யூட்யூபில் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்தபடி தூங்கிவிடுபவருக்கு இதில் எதுவும் இல்லை.

*

இப்போது ஹெட்செட்டுக்கு வருவோம். தலையில் மாட்டியதும் கண்ணின் 10 சதவீதம் முழுதாகக் கருவியின் கைக்குப் போய்விடுகிறது. பாதமும் உட்செவியும் பழைய உலகிலேயே நிற்கின்றன. வான்கூவரில் டெய்லர் கிளெவொர்த், மார்க் கார்ப்பென்டர் குழு ஆட்களைச் சுமார் மூன்று மீட்டர் உயர மேடையில் உண்மையாகவே நிறுத்தியும், ஹெட்செட்டில் அதே உயரத்தைக் காட்டியும் ஒப்பிட்டது. இரண்டிலும் உடல் விறைத்தது, விளிம்பை விட்டுப் பின்னால் ஒதுங்கியது. பயம் பொய் என்று தெரிந்திருந்தும் கணுக்கால் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவு வலுவான கருவி பயிற்சியிலும் சிறக்கும் என்றுதானே நினைப்போம்? தொடக்கத்தில் அப்படி நடக்கவில்லை. ஹெட்செட்டில் உண்மை உலகின் நகலைக் காட்டிப் பழக்கியபோது உண்மை உலகில் பழகுவதைவிடப் பலன் குறைவாகவே இருந்தது. காட்சியின் எல்லை சுருங்குகிறது, தலை கனக்கிறது, சொந்தக் கால் கண்ணில் படுவதில்லை. அசலில் இருப்பதைவிட எல்லாமே கொஞ்சம் மட்டம்.

ஸ்டீவன் பீட்டர்சன், டேனியல் ஃபெரிஸ் குழு 2018இல் வேறு கேள்வி கேட்டது: உண்மை உலகால் செய்ய முடியாத எதை ஹெட்செட் செய்யும்? ஆரோக்கியமான இளைஞர்கள் 30 பேர், பிரிவுக்கு ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். எல்லோரும் குறுகிய கட்டையின் மேல் நடக்க 30 நிமிடம் பழகினார்கள். ஒரு பிரிவு வெறும் கண்ணோடு. ஒரு பிரிவு ஹெட்செட்டோடு. மூன்றாம் பிரிவும் ஹெட்செட்டோடுதான். ஆனால் அவ்வப்போது அரை வினாடி மட்டும் உலகம் சடாரெனச் சுழன்று பழைய நிலைக்கு வரும். மொத்தப் பயிற்சி நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இந்தக் குறும்பு. பயிற்சி முடிந்து சோதித்தபோது, உலகம் சுழன்றவர்கள் சுழலாத ஹெட்செட்காரர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். தலையில் ஒட்டியிருந்த மின்முனைகள் காரணத்தைக் காட்டின: ஒவ்வொரு சுழற்சியின்போதும் உச்சிப் பகுதியிலும் பின்மண்டைப் பகுதியிலும் மூளை அலைகள் மாறின, ஏதோ ஒன்றைத் திரும்பக் கணக்குப் போடுவதுபோல.

எடின்பரோவின் தொங்கும் அறை நாற்பது ஆண்டுக்குப் பின் தலையில் ஏறிக்கொண்டது என்றே சொல்லலாம். லீ அதைக் கொண்டு சமநிலை எப்படிக் கெடுகிறது என்று காட்டினார். இவர்கள் அந்தக் கெடுதலையே மருந்தாக்கினார்கள். கணிப்பு பொய்த்தால்தான் மூளை கணிப்பைத் திருத்துகிறது. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நடக்கும் உலகில் திருத்த எதுவுமில்லை. கண் பொய் சொல்லும் அரை வினாடியில் பாதத்தையும் உட்செவியையும் நம்பித் தப்பித்தவர், நம்பிக்கையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேகத்தைப் பழகிக்கொள்கிறார்.

அப்படியென்றால் பழகிய பணியில் மட்டுமே முன்னேற்றம் என்ற அந்தக் கொன்ஸ்டான்ஸ் விதி? அது உடையவில்லை, எதைப் பழகுகிறோம் என்பது மாறியது. சிகாகோவில் கிளைவ் பாய் குழு, முதியவர்களைப் பாதுகாப்புக் கயிற்றில் கட்டி நடக்கவிட்டு, காலடித் தகட்டை நழுவவைத்து 24 முறை வழுக்கச் செய்தது. ஒரே ஓர் அமர்வுதான். அடுத்த ஓராண்டில் அவர்கள் அன்றாட வாழ்வில் விழும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. அவர்கள் நடக்கப் பழகவில்லை, நிற்கப் பழகவில்லை. விழுவதிலிருந்து மீளப் பழகினார்கள். வீட்டுக் குளியலறையில் தேவைப்பட்டது அதுவேதான். வர்ஜீனியாவில் பிரகிருதி பாரிஜாத், தர்மன் லாக்ஹார்ட் குழு தகட்டையும் விட்டுவிட்டது. டிரெட்மில்லில் நடக்கும் முதியவர்களின் ஹெட்செட் காட்சியை மட்டும் திடீரெனச் சாய்த்தது. இந்தப் பொய்யான தடுமாற்றத்தில் பழகியவர்கள், பிறகு வழவழப்பான தரையில் உண்மையாக வழுக்கியபோது பழகாதவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

ஹூஸ்டனில் நாசாவின் ஜேக்கப் ப்ளூம்பெர்க்கும் அஜித்குமார் முலவராவும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். விண்வெளியிலிருந்து திரும்பும் வீரர் நாள்கணக்கில் தள்ளாடுகிறார். எடையற்ற நிலைக்குப் பழகிய உட்செவி பூமியில் தப்பும் தவறுமாகப் பேசுகிறது. செவ்வாயில் இறங்குபவருக்கு எப்படிப்பட்ட தள்ளாட்டம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே அதைப் பயிற்றவும் முடியாது. அவர்கள் செய்தது: அசையும் மேடையில் டிரெட்மில், எதிரே நகரும் மெய்நிகர்க் காட்சி, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபடி விதவிதமாக மாற்றிக்கொண்டே இருப்பது. எந்தப் பொய்யும் பழகிப்போக விடக்கூடாது. நாளடைவில் ஒருவர் குறிப்பிட்ட பொய்யை அல்ல, பொய்களுக்கு ஈடுகொடுப்பதையே கற்கிறார். முன்பு பார்த்திராத பொய்யிலும் சீக்கிரம் நிமிர்கிறார்.

*

கடையில் வாங்கும் ஹெட்செட் விளையாட்டுகள் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் வடிவமைக்கப்படுகின்றன, அதற்குக் காரணமும் உண்டு. கண்ணும் உட்செவியும் முரண்பட்டால் குமட்டும். கப்பலிலும் மலைப்பாதைப் பேருந்திலும் வாந்தி வருவதும் இதனால்தான் என்று ஜேம்ஸ் ரீசனும் ஜோசப் பிராண்டும் 1975இல் எழுதினார்கள். தலையைத் திருப்பியபின் காட்சி திரும்ப 20 மில்லிவினாடிக்குமேல் தாமதித்தால் பலருக்கு வயிறு புரட்டத் தொடங்கும். வாடிக்கையாளர் வாந்தியெடுக்கக் கூடாது என்று நிறுவனங்கள் முரண்பாட்டையெல்லாம் வழித்தெடுத்து விடுகின்றன; பயிற்சிக்கு வேண்டியதும் அதோடு போய்விடுகிறது. ஆய்வகத்துப் பொய் அரை வினாடியில் முடிந்ததன் சூட்சுமம் இங்கேதான். மூளை திடுக்கிட அது போதும், வயிறு திடுக்கிட அது போதாது.

வீட்டில் முயல்பவர்களுக்கு இரண்டு விஷயம். கழற்றியபின் சிறிது நேரம் கால் ஒரு மாதிரியாக இருப்பது இயல்பு. உடனே வண்டியை எடுக்க வேண்டாம். இன்னொன்று, கை. விழுந்துவிடாமல் இருக்கச் சுவரையோ மேசையையோ லேசாகத் தொட்டுக்கொண்டு பலர் ஆடுகிறார்கள். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜெகாவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994இல் காட்டியபடி, ஒரே ஒரு விரல்நுனி, 100 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் எதையாவது தொட்டால் போதும், உடலின் ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த அழுத்தத்தால் யாரையும் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆனால் மூளைக்கு அசையாத ஒரு தகவல் கிடைத்துவிடுகிறது, மற்ற எல்லாப் பொய்யையும் அது ஓரங்கட்டிவிடுகிறது. அதனால் மேசை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், விரல் அதன்மேல் இருக்க வேண்டாம்.